ரயிலைப் பார்க்காதவன் எழுதிய திறனாய்வு

ரயிலை நான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தபோது எனக்குக் கல்யாண வயது வந்துவிட்டது. அதற்கு வெகுகாலம் முன்பே, ஒன்பதாம் வகுப்பில், ரயிலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி அதில் தோற்றும் போயிருந்தேன். என்னைத் தோற்கடித்தவள் வேறு யாருமில்லை. நீங்கள் திருச்சி அத்தை என்று கூப்பிடுகிறீர்களே, என் அத்தை மகள், அவள்தான்.

போர்ட் பிளேயரில் பிறந்த எங்களுக்கு மெயின்லேண்ட் என்பது கப்பலில் வந்து இறங்கும் ஒரு சமாசாரம். வெங்காயம் அங்கிருந்து வரும். பழைய செய்தித்தாள் கட்டுக்கட்டாக வரும். அப்படித்தான் ஒரு கப்பலில் அவளும் வந்தாள். அவள் அப்பா இறந்துபோன வருஷம் அது. "நீ முன்னால போ, வீட்ட ஒழிச்சுக் குடுத்துட்டு அடுத்த கப்பல்ல நான் வந்துடறேன்" என்று சொல்லி, தெரிந்த குடும்பத்தோடு அவள் அம்மா, அதாவது என் அத்தை, அவளை ஏற்றி அனுப்பியிருந்தாள். அடுத்த கப்பல் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. மழைக்காலம் போய் வெயில் வந்தது. அத்தை வரவேண்டியவள் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

எனக்கு மறக்காமல் இருந்தது வேறு. கப்பல் வரும் நாளில் அப்பா அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு துறைமுக ஜெட்டிக்குப் போவார். அவள் வருவதற்கு முன்பு அந்தக் கேரியர் என்னுடையது. "நானும் வரேம்ப்பா" என்றால், "சைக்கிள்ல ஒராளுக்குத்தான்டா எடம்" என்பார். அந்த ஒராள் எப்போதும் அவள்தான். திரும்பி வரும்போது பஜாரில் ஜிலேபி வாங்கிக் கொடுத்திருப்பார். அவள் பொட்டலத்தைப் பிரிக்காமல் அம்மாவிடம் நீட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். ஜிலேபிகூட வேண்டாம் என்கிற அளவுக்குத் திமிர் என்று நினைத்துக்கொண்டே நான் தின்பேன்.

அவளையும் என் வகுப்பிலேயே சேர்த்திருந்தார்கள். அந்த வருஷம் எங்கள் துணைப்பாடம் ஒரு பழைய நாவல். வகுப்புக்கே ஒரு பிரதிதான் வந்து சேர்ந்திருந்தது. ஆளுக்குச் சில நாள் என்று முறைவைத்து வீட்டுக்குக் கொண்டுபோவோம். எங்கள் முறை வந்தபோது அப்பா வேலையிலிருந்து வந்து, கைகால் கழுவிவிட்டு, "வாசிம்மா, கேப்போம்" என்று உட்கார்ந்தார். அந்த 'ம்மா' அவளுக்கு. நான் இரண்டு பக்கம் வாசித்துப் பார்த்தேன். "நீ வாசிச்சா கப்பல் சங்கு ஊதற மாதிரி இருக்குடா" என்று அப்பா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

நாவலில் ஒரு தாய் வருவாள். மகனை வெளியூர் விடுதியில் சேர்த்திருப்பாள். ஒருநாள் அவனை அழைத்து வரப் பலகாரம், புதுச்சட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடுவாள். ரயில் புறப்பட்டுப் போய்விட்டிருக்கும். பெஞ்சில் சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். அப்புறம் அவள் புறப்படவே இல்லை. மிச்சக் கதை முழுக்க அந்த மகனுடையது.

எங்கள் தமிழய்யா திருநெல்வேலிக்காரர். "கதைய சுருக்கி எழுதிட்டு வந்திராதிய. அந்தத் தாய் ஏன் அப்படிச் செஞ்சா? நாவலுக்குள்ளருந்தே சான்று காட்டி எழுதணும். அதுக்குப் பேருதான் திறனாய்வு" என்றார். நன்றாக எழுதியவர் பொங்கல் கூட்டத்தில் பெற்றோர் முன்னால் மேடையேறி வாசிக்கலாம் என்றும் சொன்னார். அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து நான் வாசிப்பதைக் கேட்பதாக அன்றே கற்பனை செய்துகொண்டேன்.

உயிரைக் கொடுத்து எழுதினேன். தாய்மேல் குற்றமில்லை என்பது என் கட்சி. வர எண்ணாதவள் புதுச்சட்டை எதற்கு எடுத்து வருகிறாள்? இதுவரை சரி. அடுத்துத்தான் என் அறிவு வேலை செய்தது. 'ஒரு ரயில் போய்விட்டால் அடுத்த ரயில் வர இருபது நாளாகும். அதற்குள் பலகாரம் கெட்டுவிடும். மறுபடி டிக்கெட் கிடைப்பதும் அரிது. மழைக்காலமானால் ரயில் வராமலும் போகலாம். ஆகையால் அவள் வரத்தான் நினைத்தாள். ரயில்தான் இல்லை' என்று முடித்திருந்தேன்.

தமிழய்யா அதை வகுப்பில் வாசித்தபோது அவருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஏலே, ரயிலு என்ன கடல்லயா ஓடுது?"

பின்பெஞ்சிலிருந்து ஒருவன், "அரே பாய், உன் ரயிலுக்கு நங்கூரம் உண்டா?" என்று கேட்டான். அவனும் ரயிலைப் பார்த்தவனில்லை.

பிறகு அவளுடையதை வாசித்தார். அது அரைப்பக்கம்தான். 'அடுத்த ரயில் எப்போது என்று அந்தத் தாய் ஒருவரிடமும் கேட்கவில்லை. நாவலில் எங்கே தேடினாலும் அந்தக் கேள்வி இல்லை. வர நினைத்தவள் கேட்டிருப்பாள்.'

தமிழய்யா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இல்லாத ஒண்ணக் கண்டுபிடிச்சிருக்கா பாருங்க. இதுதாம்ல திறனாய்வு" என்றார். மேடை அவளுக்கென்று முடிவாயிற்று. ரயிலில் போனவளுக்கு இது தெரியாதா, இதில் என்ன சாமர்த்தியம் என்று எனக்குள் பொருமிக்கொண்டேன். வீட்டில் அப்பா செய்தி கேட்டு, "என்ன எழுதின, சொல்லேன்" என்று அவளைக் கேட்டார். "அங்க வந்து கேளுங்க மாமா" என்று நழுவினாள்.

கூட்டத்துக்கு முதல்நாள் சாயங்காலம் என்னிடம் வந்தாள்.

"உன் கட்டுரையக் குடேன்."

"எதுக்கு? மேடையில வச்சுச் சிரிக்கவா?"

"குடுறா. பத்திரமாத் தந்துடறேன்."

முகத்தில் விட்டெறிந்தேன். பொறுக்கி எடுத்து, சுருக்கம் நீவி, மடித்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் அப்பா சலவைச் சட்டை போட்டு, நான் கற்பனை செய்திருந்த அதே முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். தமிழய்யா அவள் பேரைக் கூப்பிட்டார். அவள் மேடையேறி, அப்பாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு, "இது என் மாமா மகன் எழுதினது" என்று சொல்லிவிட்டு என் கட்டுரையை வாசிக்க ஆரம்பித்தாள்.

தமிழய்யா எழுந்து, ஒன்றும் புரியாமல் மறுபடி உட்கார்ந்தார். மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்திருந்த ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். ஜெட்டியில் வேலை செய்கிறவர்களின் வீட்டுப் பெண்கள் சிரிக்கவில்லை. இருபது நாள் என்று வந்த இடத்தில் ஓர் அம்மாள், "ஆமா, அவ என்ன செய்வா பாவம்" என்றே சொல்லிவிட்டாள். அவள் கடைசி வரிக்கு வந்தாள். "ஆகையால் அவள் வரத்தான் நினைத்தாள். ரயில்தான் இல்லை." அப்பா குனிந்து துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வது! எழுதியவன் நான். நான் வாசித்தால் கப்பல் சங்கு. அவள் வாசித்தால் அப்பாவுக்குக் கண்ணீரா? கைதட்டலையும் என் கட்டுரையையும் சேர்த்து அவளே கொண்டுபோய்விட்டாள் என்று தோன்றியது. காகிதத்தைத் திருப்பித் தரவும் இல்லை. கேட்டதற்கு, "எங்கிட்டயே இருக்கட்டும்டா" என்று தன் டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த கப்பல் வந்தது. சங்குச் சத்தம் கேட்டதும் அப்பா சைக்கிளை எடுத்துத் துடைத்தார். அவள் என் அம்மாவோடு அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். எழுந்து வரவில்லை.

"நான் வரல மாமா. அவனக் கூட்டிட்டுப் போங்க."

அப்பா ஹேண்டில்பாரைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். நான் அதற்குள் கேரியரில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் ஜெயித்தது யார் என்று தெருவெல்லாம் பார்க்கட்டும் என்று காலை ஆட்டிக்கொண்டே போனேன்.

ஜெட்டியில் ஒரே நெரிசல். மூட்டைகளோடும் பெட்டிகளோடும் ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். புடவைத் தலைப்பால் முக்காடு போட்ட பெண் யார் இறங்கினாலும் அப்பா குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தார். கடைசி ஆளும் இறங்கி, ஏணியை இழுத்துக்கொண்ட பிறகும் அவர் நகரவில்லை. நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"எல்லாம் எறங்கியாச்சுப்பா. ஜல்தி வாங்க, ஜிலேபிக் கடை மூடிடுவான்."

அன்று முழுப் பொட்டலத்தையும் கேரியரில் உட்கார்ந்து நானே தின்று தீர்த்தேன்.