மலைப்பக்கச் சீட்டு

தேயிலை எஸ்டேட்டின் மேல் டிவிஷனுக்கு இனி எந்த ஜீப்பும் ஏறாது என்று பள்ளிவாசல் ஜீப் ஸ்டாண்டில் எல்லோரும் கையை விரித்த பிறகுதான் நான் அந்தப் பழைய பிக்கப்பைத் தேடிப் போனேன். மேல் டிவிஷனில்தான் என் மனைவியின் கல்லறை இருக்கிறது. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயமும் அங்கேதான். அவளை அடக்கம் செய்த மறு மழைக்கு மண் சரிந்து பாதையைப் பாதி தின்றுவிட்டது. லயத்தில் இருந்த குடும்பங்களைக் கீழே கொண்டுவந்து குடிவைத்தார்கள். உயிரோடு இருப்பவர்களைக் கொண்டுவரலாம். அவளை என்ன செய்வது? நடந்து போகலாம் என்றால், தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டராக நின்று நின்றே என் வலது முட்டி தேய்ந்துபோய்விட்டது.

எங்களுக்கு ஒரே மகள். வெளிநாட்டில் நர்ஸ் வேலை. அம்மாவின் அடக்கத்தை அவள் போனில்தான் பார்த்தாள். இந்த வருடம் கல்லறைத் திருநாளுக்குக் கட்டாயம் வருகிறேன், அம்மா இருக்கும் இடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லியிருந்தாள். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் நான் இத்தனை பாடும் பட்டேன்.

முதலமடையில் ஒரு மாங்காய் வியாபாரி ஓட்டி ஓட்டிச் சலித்த பிக்கப் அது. அங்கேயே ஒரு பட்டறையில் நிறுத்தி, உடைத்துப் போட்ட ஜீப்பிலிருந்து முன் ஆக்சிலும் கியர்பெட்டியும் எடுத்துப் பொருத்தினோம். இனி நாலு சக்கரமும் இழுக்கும். பாடியை உயர்த்தினோம், பெரிய டயர் போட்டோம், தலைக்கு மேல் இரும்புக் குழாயில் கூடு கட்டினோம். பட்டறைக்காரர் கெட்டிக்காரர், ஆனால் பொழுது சாய்ந்தால் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவார். "ஏனுங்க, ஊட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போறதுங்க" என்று தினமும் கூப்பிடுவார். நான் ஒரு நாளும் போகவில்லை. அடுத்தவர் வீட்டில் புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டு எனக்குச் சோறு இறங்காது. பட்டறைக் கட்டிலில் உட்கார்ந்து புரோட்டா தின்பேன். கையில் ஸ்பானர் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. கீழே வைத்தால்தான் கஷ்டம்.

பின்பக்கத்து ஸ்பிரிங்கான கமான் பட்டைகளை மட்டும் நாங்கள் தொடவில்லை. மாங்காய்ப் பாரம் தாங்குவதற்காக வியாபாரி கூடுதலாகச் சில பட்டைகள் வைத்திருந்தார். அவை கிடக்கட்டும், வண்டிக்குப் பலம்தானே என்று பட்டறைக்காரர் சொன்னார். நானும் தலையாட்டினேன். அவருக்கு மாங்காய் லோடு பழக்கம், எனக்குத் தேயிலை லோடு பழக்கம். பாரம் இல்லாமல் அந்தப் பட்டைகள் வளையாது, நான் வெறும் வண்டியாகப் போகப்போகிறேன் என்பது இருவர் மண்டையிலும் ஏறவில்லை.

எனக்கு இடது பக்கத்தில் மகளுக்கான சீட்டை நானே செய்தேன். நல்ல ஸ்பாஞ்சு, இறுக்கமான பெல்ட், பிடித்துக்கொள்ள இடது பக்கம் ஒரு கம்பி. அனுமதி வாங்காமல் மாற்றிய வண்டி, மோட்டார் வாகனத் துறைக்காரர்கள் கண்ணில் பட்டிருந்தால் வண்டியோடு என்னையும் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பார்கள். உடுமலை, மறையூர் வழியாக எப்படியோ ஊர் வந்து சேர்ந்தேன்.

மேல் டிவிஷன் பாதையில் ஒரு சரிவு உண்டு. ஏறும்போது இடது பக்கம் மலை, வலது பக்கம் பள்ளம். அந்த இடத்தில் வண்டி பள்ளத்துப் பக்கம் சாயும். எங்கள் டிரைவர்கள் யாரும் அதைத் தனியாகக் கடப்பதில்லை. கூட வருகிற ஆட்கள் இறங்கி, மலைப்பக்கப் படியில் தொற்றிக்கொண்டு நிற்பார்கள். அந்தப் பாரத்தில் வண்டி நேர்படும். பக்கத்து வீட்டு ஜீப் டிரைவர் என் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நான் வாரேன் அண்ணாச்சி, மலைப்பக்கம் நின்னுக்கிடுதேன்" என்றார். எனக்கு ஆள் இருக்கிறது, என் மகள் வருகிறாள் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். எனக்கு வாய் எப்போதும் அப்படித்தான்.

திருநாளுக்குச் சில நாட்கள் இருக்கும்போது மகள் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் ஆள் குறைவாம், லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். அழுதாள். கடைசியில், "தனியா மட்டும் போயிராதீங்கப்பா, யாரையாச்சும் கூட்டிட்டுப் போங்க" என்றாள். சரி என்றேன். பக்கத்து வீட்டு வாசல்வரை போனேன். என்ன முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது என்று திரும்பி வந்துவிட்டேன்.

திருநாள் அன்று காலையில் பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். காலி வண்டி கல்லில் விழுந்து எழுந்து போனது. பின்பக்கப் பட்டைகள் கொஞ்சமும் வளையவில்லை. ஒவ்வொரு குழியிலும் வண்டி துள்ளித் துள்ளி என் இடுப்பை ஒடித்தது. சரிவுக்கு வந்ததும் மலைப்பக்கப் பின் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. பின்னால் எடுத்து நிறுத்திவிட்டு வெளியே இறங்கினேன். மேலே காலி லயங்கள் தெரிந்தன, அங்கே யாரும் இல்லை. எனக்குச் சத்தம் போட்டு அழ வேண்டும்போல் இருந்தது, அழுதேன். கேட்க ஆள் இல்லாத இடத்தில் அதற்கு என்ன வெட்கம்?

பிறகு வண்டியில் கிடந்த சாக்கை எடுத்து, சரிந்து கிடந்த கல்லையும் மண்ணையும் அதில் போட்டேன். மகளின் சீட்டிலேயே சாக்கை வைத்து நிரப்பினேன். நிரம்பிய பிறகு தூக்க என்னால் ஆகாது. பெல்ட்டை மாட்டி இறுக்கினேன். இந்த முறை சக்கரம் எழும்பவில்லை. மெதுவாக ஏறிவிட்டேன்.

கல்லறையைப் புல் மூடியிருந்தது. முட்டி போட முடியாததால் உட்கார்ந்தே பிடுங்கினேன். பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே என்று அவளிடம் சொன்னேன். அந்த மேட்டில் சிக்னல் கிடைக்கும். மகளை வீடியோவில் கூப்பிட்டு அம்மாவைக் காட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கூட வந்தது யார் என்று கேட்டாள். ஒருத்தர் வந்திருக்கிறார் என்றேன். வண்டியைக் காட்டச் சொன்னாள். காட்டினேன்.

பெல்ட் மாட்டிய சாக்கை அவள் பார்த்துவிட்டாள்.

"அது என் சீட்டாப்பா?"

"ஆமாம்மா."

அடுத்த வருஷம் எப்படியும் வாரேன் என்றாள். வா என்றேன். போனை வைத்துவிட்டோம்.

இறங்கும்போது மலை என் பக்கம் வந்துவிடும். பள்ளம் மகளின் சீட்டுப் பக்கம். அந்தச் சீட்டில் பாரம் இருந்தால் வண்டி கவிழும். பெல்ட்டைக் கழற்றிக் கல்லையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டேன். ஸ்பாஞ்சில் ஒட்டியிருந்த மண்ணைக் கையால் தட்டிவிட்டேன். காலிச் சீட்டோடு இறங்கினால்தான் வீடு போய்ச் சேர முடியும். அப்படித்தான் இறங்கினேன்.