மாலை கழற்றிய பிறகும்

நான் பெயிண்டர். வீடு நெல்லித்தோப்பு. இருபது வருடத்துக்கு மேல் குடித்தேன். எழுத எனக்கு அவ்வளவாக வராது. எங்களை மலைக்குக் கூட்டிப் போகும் குருசாமி கேட்டதால் எழுதுகிறேன்.

வருடத்தில் ஒரு மண்டலம் மட்டும் குடிக்க மாட்டேன். கார்த்திகையில் மாலை போட்டால் சபரிமலை போய்த் திரும்பும்வரை ஒரு சொட்டு தொட்டதில்லை. முதல் வாரம் கை நடுங்கும். சரணம் சொல்லித் தாங்குவேன். பச்சைத் தண்ணீரில் குளிப்பேன். தரையில் படுப்பேன். மாலை போட்டவனை எல்லாரும் சாமி என்றுதானே கூப்பிட வேண்டும். என் மனைவி விஜயா அப்படிக் கூப்பிடுவாள். மகள் கூப்பிடுவாள். சாராயக்கடைக்காரரும் கூப்பிடுவார்.

"போய்ட்டு வாங்க சாமி, கடை எங்கயும் ஓடிப் போவாது."

நானும் சிரிப்பேன்.

மாலையோடு குடித்தால் சாமி குத்தம். அதற்குப் பயந்தேன். கழற்றிவிட்டுக் குடித்தால் குத்தமில்லை என்று நினைத்தேன். எங்கள் வேனில் பாதிப் பேர் அப்படித்தான். திரும்பி வரும்போது விழுப்புரம் தாண்டினால் போதும், எந்தக் கடைக்குப் போவது என்ற பேச்சு வந்துவிடும்.

ஒரு வருடம் மலைக்குப் போய் வந்த காலையில் விஜயா கேட்டாள்.

"இத கழட்டாமயே இருந்துடுங்களேன் சாமி."

"நேரத்துக்குக் கழட்டலனாதான் சாமி குத்தம்," என்றேன்.

மாலையைக் கழற்றினேன். என் கறுப்பு வேட்டியைத் துவைத்துக் கொடியில் போட்டாள். அது காய்வதற்குள் நான் குடித்துவிட்டு வந்தேன். ஏன் என்று கேட்டாள். தள்ளிவிட்டேன். வாசல்படியில் விழுந்தாள். வலது மணிக்கட்டு உடைந்தது.

கட்டுப் போட்ட கையோடு, மகளையும் கூட்டிக்கொண்டு, கனகசெட்டிக்குளத்தில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது ஒன்றுதான் சொன்னாள்.

"கழுத்துல அது இருந்தாதான் நீ மனுஷன்."

அவள் என்னை நீ என்று சொன்னது அன்றைக்குத்தான்.

அந்த வருடம் முழுக்கக் குடித்தேன். வேலை போனது. சாரத்தில் ஏற்ற மேஸ்திரி பயந்தார். செத்துப்போகலாம் என்றும் நினைத்தேன். கார்த்திகை வந்ததும் மறுபடி மாலை போட்டேன். பதினெட்டாம் படியில் எல்லாரும் வீடு கேட்பார்கள், பிள்ளை கேட்பார்கள். நான் கேட்டது வேறு. மாலை இருக்கிறவரை நீ இருக்கிறாய் ஐயப்பா. கழற்றினால் எனக்கு யாரும் இல்லை. ஒருத்தரையாவது கொடு என்று கேட்டேன். பின்னால் வந்தவர்கள் தள்ளினார்கள். ஏறிவிட்டேன்.

ஊருக்கு வந்து மாலையைக் கழற்றினேன். அன்று சாயங்காலமே கால் கடைப் பக்கம் போனது. கடைக்கு எதிரில் சேகர் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார். எங்கள் குழுதான், என்னைவிட வயதில் சின்னவர்.

"சாமி," என்று கூப்பிட்டார்.

"மால கழட்டியாச்சுப்பா. இன்னும் என்னா சாமி?"

"வாய்க்குப் பழகிப்போச்சு. இந்தச் சேலைய ஒரு பக்கம் புடிங்க சாமி. ஒத்த ஆளா மடிக்க முடியல."

பிடித்தேன். ஒரு சேலை முடிந்ததும் இன்னொன்றை எடுத்தார். இருட்டிவிட்டது. சோறு வாங்கிக் கொடுத்து வீட்டில் விட்டுப் போனார். மறுநாள் கடைக்குப் போகும் நேரத்துக்கு அவரிடமிருந்து போன் வந்தது. சேலை நிறைய இருக்கிறதாம். தினமும் அப்படித்தான். அந்தத் தெருவில் அவர் ஒருத்தர்தான் என்னைச் சாமி என்றார். கேட்டவர்கள் சிரித்தார்கள்.

"இன்னாய்யா, இவன் நிரந்தர சாமியா?"

"ஆமா. ஒனக்கு வேணும்னா நீயும் ஆயிடு," என்பார் சேகர்.

மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் போனேன். கோயில் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு வந்திருந்தன. என்னோடு குடித்த பழைய ஆட்களும் வந்திருந்தார்கள். குடித்துவிட்டேன். மறுநாள் நானே வண்டிக்குப் போனேன்.

"நேத்து குடிச்சிட்டேன். இனிமே அப்படிக் கூப்புடாத."

"சரி சாமி. பொட்டி சூடா இருக்கு, தள்ளி நில்லுங்க."

எனக்கு அழுகை வந்தது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"மலயிலேர்ந்து வந்ததும் எங்க அண்ணன நான் பழையபடி அண்ணேன்னுதான் கூப்ட்டேன் சாமி. அவரும் குடிச்சிப் பழைய ஆளா ஆயிட்டாரு. இப்ப கூப்புட ஆள் இல்ல."

அன்றைக்கே பொட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். குடியை விடுவதற்கு அங்கே தனியாக டாக்டர் இருக்கிறார். மாத்திரை கொடுத்தார்கள். என்னைப் போல ஆட்களோடு உட்கார வைத்துப் பேச விட்டார்கள். வாரா வாரம் போகிறேன். முதலில் சேகர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். இப்போது தனியாகப் போகிறேன். அதற்குப் பிறகு தொடவில்லை. இரண்டு முறை மலைக்குப் போய் வந்துவிட்டேன்.

இந்தச் சித்திரையில் மகள் போன் செய்தாள். மாமா வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டுமாம். மச்சான் போனை வாங்கிச் சொன்னார்.

"வேலைக்கு மட்டும் வா. வேற ஒண்ணும் நெனைக்காத."

போனேன். விஜயா உள்ளேயே இருந்தாள். கடைசி நாள் வெளிச்சுவர் அடிக்கும்போது டீ கொண்டு வந்தாள். இடது கையால் நீட்டினாள். வலது கை இன்னும் சரியாக மடங்கவில்லை. குடம் தூக்க மாட்டாளாம், மகள் சொன்னாள்.

வாங்கக் கூச்சமாக இருந்தது. பிரஷ்ஷைப் பிடித்தபடி நின்றேன்.

"ஆறிடும். குடிங்க சாமி," என்றாள்.

சித்திரை மாதம். என் கழுத்தில் ஒன்றும் இல்லை.

வா என்று நான் கூப்பிடவில்லை. வருகிறேன் என்று அவளும் சொல்லவில்லை. அந்தக் கையை நான் திருப்பிக் கொடுக்க முடியாது. மாலையைக் கழற்ற வேண்டாம் என்று அவள் சொன்ன அன்றைக்கே கேட்டிருக்கலாம். அது எனக்குத் தினமும் தோன்றுகிறது. ஆனாலும் படியில் நான் கேட்டதை ஐயப்பன் கொடுத்தான். ஒருத்தரைக் கேட்டேன். இஸ்திரி வண்டிக்காரர் உருவத்தில் கொடுத்தான்.

என்னைப் போல இருக்கிறவர்கள் வெட்கப்படாமல் அவனிடம் கேளுங்கள். அவன் அனுப்பும் ஆள் யாராக இருந்தாலும் கூடப் போங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாலும் போங்கள்.

மற்ற சாமிமார்களுக்கு ஒன்று. உங்கள் வேனிலும் என்னைப் போல ஒருவர் இருப்பார். ஊர் வந்து மாலையைக் கழற்றியதும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிடாதீர்கள்.