பட்டி குடித்த தண்ணீர்

செல்வநாயகி என் நாத்தனார் மகள். கருவேப்பிலங்குறிச்சியில் பிறந்து விருத்தாசலத்தில் வாழ்க்கைப்பட்டவள். பதினெட்டு வருடம் பீங்கான் பட்டறையில் வேலை பார்த்தாள். அச்சிலிருந்து எடுத்த பச்சைக் களிமண் கோப்பையின் ஓரத்தை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்க வேண்டும், அதுதான் வேலை. தோள்பட்டை பிடித்துக்கொண்டு கோப்பைப் பலகை தூக்க முடியாமல் போனதும், போன தை மாதம் ராஜாங்கம் மேஸ்திரியின் கார் பட்டறையில் சேர்ந்தாள். நசுங்கிய இடத்தில் பட்டி பூசி, காய்ந்ததும் எமரி பேப்பரால் தேய்த்து, ப்ரைமர் அடிக்கிற வேலை.

மூன்று மாதம் மேஸ்திரி கூடவே தேய்த்தவளுக்கு, முதன்முதலாகத் தனியாக ஒரு கதவு வந்தது. மங்கலம்பேட்டை ரவூப் பாயின் வெள்ளைக் கார். கரும்பு டிராக்டர் இடித்தது. பாய்க்கு லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை துபாய்க்கு பிளைட்.

"இந்தக் கதவு நல்லா வந்தா நீ இங்கதாம்மா. வரலன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், நீயே புரிஞ்சிக்க" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி திட்டக்குடிக்கு ஒரு வண்டி பார்க்கப் போனார்.

பட்டியை அழகாகத்தான் பூசினாள். அழகாகத்தான் தேய்த்தாள். கண்ணை மூடி உள்ளங்கையால் தடவினால் பள்ளம் இருந்த இடமே தெரியவில்லை. அதோடு விட்டிருக்கலாம். ஓரத்தில் லேசாக ஒரு பிசிறு தட்டவும், பழைய கை சும்மா இருக்குமா? ஸ்பாஞ்சை நனைத்துக் கதவு முழுக்கத் துடைத்துவிட்டாள். மேலே ஈரம் உலர்ந்ததும் சாம்பல் நிற ப்ரைமரும் அடித்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெயில் ஏறியதும் பார்த்தால், ப்ரைமர் மேல் வேர்க்குரு மாதிரி பொடிப்பொடியாகக் கொப்புளம். களிமண்ணுக்குத் தண்ணீர் ஆகும். பட்டியோ தண்ணீரைக் குடித்து உள்ளேயே வைத்துக்கொள்ளும்.

பட்டறையில் வேறு யாரும் இல்லை. கொப்புளத்தைத் தேய்த்து இன்னொரு கோட்டிங் ப்ரைமர் அடித்தால் மறைந்துவிடும். பெயிண்ட் ஏறிவிட்டால் ஆறு மாதத்துக்கு யாருக்கும் தெரியாது. அதற்குள் பாய் துபாயில் இருப்பார். நின்று யோசித்தாளாம். அப்புறம் தகடு தெரியும் வரை எல்லாவற்றையும் சுரண்டிவிட்டாள்.

மேஸ்திரி வந்தபோது பாயும் கூடவே வந்து இறங்கினார்.

"என்னா மேஸ்திரி, பள்ளமா குடுத்தேன், வழுக்கையா வச்சிருக்கீங்க?"

மேஸ்திரி செல்வநாயகியைப் பார்த்தார்.

"தண்ணி வச்சுத் தொடச்சிட்டேங்க மேஸ்திரி. மண்ணுன்னு நெனச்சிட்டேன். தப்பு என்னுது. பாய், நாளைக்கு ப்ரைமர் வரைக்கும்தான் முடியும். பெயிண்டு அடிக்க நாள் பத்தாது."

"அப்ப சாம்பல் கதவோட ஏர்போர்ட் போவட்டுமா நான்? சொந்தக்காரனுங்கல்லாம் சிரிப்பானுங்கம்மா!" என்று பாய் கதவில் கை வைக்கப் போனார்.

"கைய வைக்காதீங்க பாய்! எண்ணெ ஒட்டுனா ப்ரைமர் புடிக்காது."

பாய் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். "தம்பிக்கிட்ட வண்டிய உட்டுட்டுப் போறேன். அப்புறமா முடிச்சிக் குடுங்க" என்று சொல்லிப் போனார். சொன்னபடியே சாம்பல் கதவோடுதான் ஏர்போர்ட் போனார்.

திங்கட்கிழமை காலை, பட்டறைக்குள் நுழையவே அவளுக்குக் கால் வரவில்லை. அவள் இடத்தில் ஒரு பழைய கார் பானெட்டைக் கழற்றிச் சாத்தி வைத்திருந்தது. அதன்மேல் புது எமரி பேப்பர். மேஸ்திரி ஸ்பாஞ்சை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"இத வூட்டுக்கு எடுத்துட்டுப் போயி பாத்திரம் கழுவு."

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவள் ஸ்பாஞ்சை சாப்பாட்டுப் பைக்குள் வைத்துவிட்டு பானெட்டைத் தேய்க்க உட்கார்ந்தாள்.