விரதமும் வெறுவயிறும்

கால் முறிந்து எட்டு மாதமாகியும் எலும்பு ஒட்டவில்லை. சுருவில் என்ற ஊரின் வளைவில் சைக்கிளோடு சரிந்தபோது முறிந்தது, முழங்காலுக்குக் கீழேயுள்ள தடித்த எலும்பு. எனக்கு அப்போது வயது அறுபத்தாறு, சலரோகம் என்ற என் சீனி வருத்தத்துக்குப் பதினெட்டு. இனிக் காலை எடுப்பதுதான் வழி என்று யாழ்ப்பாணத்து வைத்தியர் சொன்னார். முப்பத்தைந்து வருடம் அரசாங்கக் கந்தோரில் இலிகிதராக இருந்த பழக்கத்தில், எடுப்பதென்றால் எந்தப் படிவத்தில் யார் கையெழுத்திட வேண்டும் என்று கேட்டேன். பகிடி விடுகிறேன் என்று அவர் நினைத்திருக்கலாம். எனக்குக் கேட்பதற்கு வேறொன்றும் இருக்கவில்லை.

அது சண்டை நின்றிருந்த சமாதான காலம். யாழ்ப்பாணத்துக்கு வரும் பாதை திறந்திருந்ததால், வெளிநாட்டில் வேலை செய்யும் நம்மவர் ஒருவர், எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர், இரண்டு கிழமைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். நோயாளியின் இரத்தத்தையே எடுத்து இயந்திரத்தில் சுழற்றி, அதில் உறையும் பகுதியை இடுப்பெலும்புத் துருவலோடு சேர்த்து முறிவுக்குள் வைப்பாராம்.

"என்ரை இரத்தமெண்டால் அதிலையும் சீனிதானே இருக்கும், டொக்டர்?"

"இருக்கும் ஐயா. எலும்பைக் கூப்பிடுற சாமானும் அதுக்குள்ளைதான் இருக்கு. ஆனா எலும்பு வருமெண்டு சத்தியம் பண்ண மாட்டன்."

சத்தியம் பண்ணாத உத்தியோகத்தரை நம்பலாம். ஒப்புக்கொண்டேன். வெள்ளிக்கிழமை அவர் திரும்பிப் போகிறார். புதன் காலை இரத்தப் பரிசோதனை, சீனி இறங்கியிருந்தால் வியாழன் சத்திரசிகிச்சை. கையில் ஒரு துண்டுக் காகிதம் தந்தார்கள். 'புதன் காலை விரதத்துடன் வரவும்' என்று அதில் இருந்தது.

புதன் விடிய என் மனைவி பாலைச் சூடாக்கிக்கொண்டு வந்தாள், இரண்டு கதலிப்பழத்தோடு.

"குடிக்கலாமோ?" என்றேன்.

"விரதமெண்டுதானே எழுதிக் கிடக்கு? பாலும் பழமும் விரதத்துக்குக் குற்றமில்லை. கந்தசட்டிக்கு ஆறு நாளும் நான் என்னத்திலை இருக்கிறனான்?"

யோசித்தேன். எழுதிய சொல்லுக்கு எழுதிய பொருள்தான் என்பது கந்தோர் விதி. வெறுவயிறு என்று கருதியிருந்தால் வெறுவயிறு என்றுதான் எழுதியிருப்பார்கள். குடித்தேன்.

சீனி எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மயக்க மருந்து வைத்தியர் தாளைப் பார்த்துவிட்டு, "இந்தச் சீனியோடை தொட ஏலாது" என்று எழுந்து போனார். வியாழக்கிழமைப் பட்டியலில் என் பெயரைக் கோடிட்டு வெட்டினார்கள். கோடு நேராக இருந்தது. அதைத்தான் கவனித்தேன்.

இரத்தம் எடுத்த தாதிப் பிள்ளைக்குத்தான் சந்தேகம் வந்தது.

"ஐயா, காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

"ஒண்டுமில்லை. விரதம்."

"விரதமெண்டால்?"

"பால். இரண்டு கதலிப்பழம்."

அவள் என் மனைவியைப் பார்த்தாள். "பாலுக்குச் சீனி போட்டனீங்களோ அம்மா?"

"சீச்சீ. இவருக்குச் சீனி ஆகாதெல்லே, பிள்ளை. பனங்கற்கண்டு போட்டனான்."

"பனங்கற்கண்டு?"

"அது மருந்துதானே."

தாதி சிரிப்பை அடக்கிக்கொண்டு தாளோடு நிபுணரிடம் போனாள். "படிச்ச மனிசன், நீங்களாவது யோசிச்சிருக்கலாம்" என்றாள் மனைவி. "நீர் தந்தீர், நான் குடிச்சனான்" என்றேன்.

அன்றே வார்ட்டில் படுக்க வைத்து, இன்சுலின் ஏற்றினார்கள். வியாழன் காலை வயிறு உண்மையாகவே வெறுமை. சீனி இறங்கியிருந்தது. நிபுணர் என்னைக் கடைசி ஆளாகச் சேர்த்துக்கொண்டார்.

முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே விறைத்தது. கையிலிருந்து எடுத்த இரத்தத்தைச் சுழற்றி முடித்து, நிபுணர் குழாயை என் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். அடியில் சிவப்பு, மேலே மஞ்சள் தண்ணீர், நடுவில் இளநீர் வழுக்கல் போல ஒன்று. அந்த வழுக்கலைத்தான் வைக்கப் போகிறார். என் உடம்பிலிருந்து வந்ததென்று ஒரு உணர்ச்சியும் வரவில்லை. பிறகு சுத்தியல் சத்தம் கேட்டது. யாரோ பக்கத்து வீட்டில் கதவு திருத்துவது போலிருந்தது. தகடும் ஆணிகளும் வைத்துத் தைத்தார்கள். மறுநாள் அவர் போய்விட்டார்.

சத்திரசிகிச்சை முடிந்து ஏழாம் மாதம் யாழ்ப்பாணத்து வைத்தியர் எக்ஸ்ரே படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முறிவுக் கோடு இருந்த இடத்தில் வெள்ளை மேகம் மாதிரி ஒன்று படர்ந்திருந்தது.

"பிடிச்சிட்டுது" என்றார்.

வழுக்கலாலா, தகட்டாலா, மனைவி பனங்கற்கண்டை நிறுத்தியதாலா என்று அவர் சொல்லவில்லை. வெளியே வாங்கில் அவள் உட்கார்ந்திருந்தாள்; காலை எடுப்பதென்றால் தேவைப்படுமென்று அவள் பேசிக் கொண்டுவந்த வாடகை வான் வாசலில் நின்றது.

"காலை எடுக்கத் தேவையில்லையாம்."

அவள் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றினாள்.

"அப்ப வான்காரனைப் போகச் சொல்லுறன்" என்றாள். "பஸ்ஸிலை போவம்."