ஐந்தருவி ஆனந்தவள்ளி, காலை ஆறு பத்து

ஆனந்தவள்ளி எதை எழுதினாலும் முதலில் கிழமையையும் மணியையும் போட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். கணவருக்கு அடுக்களையில் எழுதி வைக்கும் சீட்டில்கூட "வியாழன், 7.40. தோசை மாவு ஃபிரிட்ஜில்" என்றுதான் இருக்கும். பன்னிரண்டு வருடமாக இது மாறவில்லை.

ஐந்தருவி வண்டி நிறுத்தத்தில் ரசீது எழுதுகிற வேலை அவருக்கு. நேரம் போடாத ரசீதால் வண்டிக்காரர்களோடு சண்டை வரும் என்பதால் வந்த கைப்பழக்கம் அது. சீசன் நாட்களில் முதல் வண்டி வருவதற்கு முன்பே அருவி வரை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்து, 'தண்ணி விழுதா' என்ற இணையதளத்தில் எழுதுவார்: "செவ்வாய், காலை 6.10. அஞ்சு கிளையிலும் தண்ணீர். கூட்டம் இல்லை. வாங்க."

தளத்தை நடத்தியவர் தென்காசியில் செல்போன் கடை வைத்திருக்கும் இசக்கிதுரை. தளம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே பக்கம், அதன் கீழே பின்னூட்டங்கள், அவ்வளவுதான். மதுரையிலிருந்தும் சிவகாசியிலிருந்தும் ஆட்கள் அதே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பதில் எழுதுகிறவர் பெரும்பாலும் ஆனந்தவள்ளி மட்டுமே. அதற்குச் சம்பளம் கிடையாது. ஆனால் வேன் ஓட்டுகிறவர்கள், "ஆனந்தவள்ளி போட்டுட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாவியை எடுப்பார்கள். அந்தப் பெயர் அவருக்குப் பெரிசு. அருவியில் தண்ணீர் குறைந்தால்கூட, தன் வீட்டில் ஏதோ குறைந்துவிட்டதைப்போலக் கூச்சத்தோடு எழுதுவார்.

போன வருடம் அந்தத் தளத்தைப் புதுசாக்கும் வேலை சத்யபிரியாவிடம் வந்தது. கீழப்பாவூரில் அவள் வீட்டில் கல்லூரி முடித்த முதல் ஆள் அவள்தான். கணினி அறிவியல் படித்துவிட்டு, வேலை தேடித் தேடி, கடைசியில் இசக்கிதுரை கடையில் உட்கார்ந்திருந்தாள்.

"இப்ப உள்ள சைட்டெல்லாம் எப்பிடி இருக்கு! நம்மது பழைய செங்கோட்டை பாசஞ்சர் மாதிரில்லா நிக்கி," என்றார் இசக்கிதுரை. "லைக் வேணும்மா. லைக்கு இல்லாம எவன் இருக்கான் இப்ப?"

சத்யபிரியா உற்சாகமாக இறங்கினாள். செல்போன் எண் கொடுத்தால்தான் எழுத முடியும் என்று வைத்ததும், கடன் வாங்கலையா என்று கூவிக்கொண்டிருந்த விளம்பரங்கள் ஒரே வாரத்தில் ஒழிந்தன. விருப்பக்குறி வந்தது. அதிக விருப்பம் பெற்ற பின்னூட்டம் தானாக மேலே ஏறியது. நல்ல தளங்கள் எல்லாவற்றிலும் அப்படித்தான் என்று வீடியோக்களில் பார்த்திருந்தாள். ஆனந்தவள்ளியின் கிழமையும் மணியும் மட்டும் உறுத்தின. எழுதிய காலத்தைத் தளமே காட்டும்போது அதை இன்னொரு தடவை எதற்கு எழுத வேண்டும்? நாலே வரி நிரல் எழுதினாள். பன்னிரண்டு வருட ஆறு பத்துகளும் மறைந்தன. இனிமேல் எழுதினாலும் மறைந்துவிடும்.

"ஏட்டி, நான் எழுதுன மணியக் காணோமே?" என்று ஆனந்தவள்ளி போனில் கேட்டார்.

"கீழ வருதுல்லாக்கா? சாம்பல் கலர்ல, 'ரெண்டு நாள் முன்பு'ன்னு."

"எங்கன? ஓ, இதா? எறும்பு ஊருதுன்னுல்லா நெனச்சேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பேச்சு அதோடு முடிந்தது.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணிக்கு மறுபடியும் போன் வந்தது. இந்தத் தடவை சிரிப்பு இல்லை. "உடனே இங்கன வா. நீயே வந்து பாரு."

டவுன் பஸ்ஸில் இறங்கி நடந்தபோதே வெயில் சுள்ளென்றிருந்தது. சாரலும் இல்லை, காற்றும் இல்லை. வண்டி நிறுத்தத்தில் ஒரு வேன். அதைச் சுற்றிப் பதினான்கு பேர், சின்னப் பிள்ளை முதல் கிழவர் வரை, தலையிலிருந்து கால்வரை நல்லெண்ணெய் வழிய நின்றுகொண்டிருந்தார்கள். விடிவதற்கு முன்பே விளாத்திகுளத்திலிருந்து கிளம்பியவர்கள். இறங்கியதும் நேரே அருவிக்குள் போகலாம் என்று தென்காசி தாண்டும்போதே வேனுக்குள் எண்ணெய் தேய்த்துக்கொண்டார்களாம். இங்கே பாறையில் இரண்டே கிளையில் நூல் மாதிரித் தண்ணீர். ஒரு ஆள் நின்றால் தோள் நனையாது.

"நீங்கதான் ஆனந்தவள்ளியா?" கிழவரின் மகள் போனை நீட்டினாள். "அஞ்சு கிளையிலும் தண்ணீர், வாங்கன்னு எழுதியிருக்கீங்க. நானூத்திப் பன்னெண்டு பேரு லைக் போட்டிருக்காங்க. எங்க தண்ணி?"

சத்யபிரியா எட்டிப் பார்த்தாள். அது செவ்வாய்க்கிழமை எழுதியது. நானூற்றுப் பன்னிரண்டு விருப்பங்களோடு உச்சியில் உட்கார்ந்திருந்தது. கிழமை இல்லை. 'ஐந்து நாள் முன்பு' என்ற சாம்பல் எழுத்து அந்தப் போனின் சின்னத் திரையில் ஓரமாக வெட்டுப்பட்டிருந்தது. முந்தின நாளும் அன்று காலையும் ஆனந்தவள்ளி எழுதிய "நூல் மாதிரிதான் விழுது, வராதீங்க" அடியில் எங்கேயோ கிடந்தது. கெட்ட சேதிக்கு யார் விருப்பம் போடுவார்கள்?

"அக்கா மேல தப்பில்ல, நான்தான்..." என்று தொடங்கினாள்.

"நீ சும்மா இரு," என்றார் ஆனந்தவள்ளி. "பேரு என் பேருல்லா போட்டிருக்கு?"

வண்டி கழுவுகிற ஹோஸைத் தாமே இழுத்து வந்து தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார். பிள்ளைகளுக்கு அதுவே அருவியாகிவிட்டது. பெண்கள் ரசீதுக் கொட்டகைக்குப் பின்னால் மறைப்புக் கட்டிக் குளித்தார்கள். கிழவர் மட்டும் அசையவில்லை.

"வாங்க அய்யா, எண்ணெ கண்ணுல இறங்குது," என்றார் ஆனந்தவள்ளி.

"காரு கழுவுற தண்ணிலயா? எட்டு வருசம் கழிச்சு வந்திருக்கேன் தாயி. அருவிக்குன்னு தேச்ச எண்ணெய். அருவிலதான் போவும்."

"வீடு வரைக்கும் இப்பிடியேவா போவீங்க?"

"போவேன். பொரிச்ச அப்பளம் மாதிரி போவேன்."

பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனந்தவள்ளி சிரிக்கவில்லை. "தண்ணி வந்ததும் நானே சொல்லுதேன். உங்களக் குளிக்க வைக்கது என் பொறுப்பு. நம்பர் குடுத்துட்டுப் போங்க."

"நம்பரெல்லாம் வேணாம்," என்றாள் மகள், கோபம் ஆறாமல். "அதுலயே போடுங்க, பாத்துக்கிறோம்."

கிழவர் இருக்கையில் ஒரு துண்டை விரித்து, பளபளவென்று ஏறி உட்கார்ந்தார். வேன் போய்விட்டது.

அன்று முழுக்கச் சத்யபிரியா நிரலைத் துருவிப் பார்த்தாள். அதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் அவளைக் குடைந்தது. விருப்பம் அதிகமானது மேலே வர வேண்டும் என்று அவளாகவே நினைத்தாளா, இல்லை பெரிய ஊர்க்காரர்கள் செய்கிறார்கள் என்று கேள்வி கேட்காமல் எடுத்துப் போட்டாளா? பட்டம் வாங்கியும் தனக்கு வந்திருப்பது படிப்பா, பார்த்து எழுதுகிற வித்தையா? புதியது மேலே வரும்படி மாற்றினாள். கிழமையும் மணியும் பெயருக்கு முன்னால், பெரிய எழுத்தில் வந்தன.

"பழையபடியே ஆக்கிட்டியேம்மா, இதுக்கா ரெண்டு மாசம் உக்காந்தே?" என்றார் இசக்கிதுரை.

"பழையபடி இல்ல அண்ணாச்சி. லோன்காரன் இப்பவும் உள்ள வர முடியாது."

மழை திரும்பியதும் ஆனந்தவள்ளி எழுதத் தொடங்கினார்: "புதன், காலை 6.10. அஞ்சு கிளையிலும் தண்ணீர். விளாத்திகுளம் வேன்காரர்கள் கவனிக்கவும். அய்யாவைக் கூட்டி வாங்க." சீசன் முடிகிறவரை, தண்ணீர் நன்றாக விழுந்த ஒவ்வொரு நாளும் அந்தக் கடைசி இரண்டு வரிகள் இருந்தன. ஊரெல்லாம் விருப்பம் போட்டது. விளாத்திகுளத்திலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

இந்த வருடம் வண்டி நிறுத்தக் குத்தகை கைமாறியது. ஆனந்தவள்ளி இப்போது செங்கோட்டையில் ஒரு பேக்கரியில் பில் போடுகிறார். அருவி நிலவரத்தை வேறு இரண்டு மூன்று பேர் எழுதுகிறார்கள். ஆனாலும் சாரல் தொடங்கிய முதல் சனிக்கிழமை, முதல் பஸ்ஸில் ஐந்தருவிக்கு வந்து பார்த்து, விளாத்திகுளத்துக்கான வரிகளை எழுதிவிட்டுத்தான் பேக்கரிக்குப் போனார். மாலையில் சத்யபிரியாவைக் கூப்பிட்டார்.

"பதில் வந்துச்சாட்டி?"

"எழுநூறு லைக் வந்திருக்குக்கா."

"அத வச்சு எண்ணெயக் கழுவ முடியுமா? பதில் வந்துச்சா?"

"இல்லக்கா."

"சரி, அடுத்த சனிக்கிழமை வாரேன்," என்று போனை வைத்தார். அந்தக் குளியல் இன்னும் பாக்கி இருக்கிறது.