திரும்பப் பெற்ற புகார்கள்

மார்ச் 4: 17
ஜூன் 19: 11
செப்டம்பர் 2: 6

மூன்றும் ஒரே ஆளுக்குப் போட்ட மொத்தம். மனைவியை அடித்தவன் மறுபடி அடிப்பானா என்று கணித்து, படிவத்தில் இருபதுக்கு இவ்வளவு என்று எழுதுவது மார்க்கு அக்காவின் வேலை. பன்னிரண்டைத் தாண்டினால் அவன் வீட்டுப் பக்கம் தலைகாட்டக் கூடாது. பத்தொன்பது வருடமாக அதே ஆடும் மேசை. அவளுடைய சொந்தப் பெயர் அலுவலகத்தில் பலருக்கு மறந்தே போயிருந்தது. வீட்டில் கணவர், "இன்னிக்கு எனக்கு எத்தனை மார்க்கு?" என்று தினமும் சீண்டுவார்.

மார்ச்சில் அந்த ஆள் கன்னத்தில் அறைந்தான். ஜூனில் மணிக்கட்டை முறித்தான். செப்டம்பரில் கழுத்தை நெரித்தான். அடி ஏற ஏற மார்க்கு இறங்கியது. திரும்பப் பெற்ற புகார் கணக்கில் வராது என்பது விதி. தையல் வேலை பார்த்த அவன் மனைவி பழைய புகார்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற, அவன் காகிதத்தில் நல்லவனாகிக்கொண்டே வந்தான்.

ஏன் திரும்பப் பெற்றாய் என்று மார்க்கு அக்கா கேட்டதற்குத் தையல்காரி கம்மிய குரலில் சொன்னாள்: "வாபஸ் வாங்கலைன்னா மாமியார் பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. வாங்கினா உங்க தாள்ல அவர் யோக்கியர். நான் என்னதான்க்கா செய்யட்டும்?"

செப்டம்பர் படிவத்தில் மார்க்கு அக்கா விதியை ஓரம் கட்டிவிட்டு, பழைய புகார்களையும் சேர்த்து 18 என்று எழுதினாள். கண்காணிப்பாளர் அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, 'கூட்டல் பிழை' என்று குறித்தார். அவளுடைய பணிப்பதிவேட்டில் ஏறிய முதல் பிழை அது.

"சார், கழுத்துல விரல் பதிஞ்சிருக்கு. அதுக்கும் ஒரு மார்க்கு, தட்டை உடைச்சதுக்கும் ஒரு மார்க்கா?"

"படிவம் நான் போட்டதில்லைக்கா. கூட்டுங்க, போதும். தீர்ப்பு எழுதாதீங்க."

18 அடிக்கப்பட்டு 6 ஆனது. அன்றே அவன் வீட்டுக்குப் போனான். அன்று மாலை கணவர் வழக்கம்போல் மார்க்கு கேட்டபோது அவள் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தாள். விதியை மாற்றச் சொல்லித் தலைமை அலுவலகத்துக்கு நான்காவது கடிதத்தை எழுத உட்கார்ந்தாள். முந்தைய மூன்றும் கிணற்றில் போட்ட கல்.

அக்டோபர் 9 அன்று தையல்காரியை மருத்துவமனையில் சேர்த்தார்கள். உயிர் தங்கியது, குரல் திரும்பவில்லை. படுக்கையருகே உட்கார்ந்த மார்க்கு அக்காவிடம் அவள் ஒரு தாளை வாங்கி, 'இப்ப எத்தனை?' என்று எழுதிக் காட்டினாள்.

திரும்பப் பெற்ற புகார்களும் இனி கணக்கில் சேரும், தங்கள் ஆலோசனைக்கு நன்றி என்று தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு வரிப் பதில் வந்தது. வந்து சேர்ந்த தேதி, நவம்பர் 20.