லொறியில் வராத பேய்

பேய்ப்படம் பார்த்தால் ஊரில் எல்லோருக்கும் பயம் வரும். நாகலெட்சுமிக்கு ஆத்திரம் வரும். அதுவும் சாதாரண ஆத்திரமில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு டீவிக்கு முன்னால் எழுந்து நின்று, "அடப் பாவி, அந்தப் புள்ளைய மேல அனுப்பாதடா!" என்று கத்துகிற ஆத்திரம். பக்கத்துக் காம்பராக்காரர்கள் சுவரைத் தட்டுவார்கள். டயகமைக்குப் போகிற வழியில் இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் இந்தச் சத்தம் எல்லோருக்கும் பழக்கம். புருஷன் செல்லசாமி மட்டும், "வீட்டுக்குள்ள ஒன்னு இருக்கிறது போதாதுன்னு பெட்டிக்குள்ளயும் ஒன்னு" என்று சொல்லிவிட்டுக் கம்பளியை இழுத்துப் போர்த்துக்கொள்வான்.

இப்போது வருகிற பேய்ப்படங்களை அவள் சீந்துவதே இல்லை. முகத்தில் மாவைப் பூசிக்கொண்டு கதவிடுக்கிலிருந்து பாய்கிறதெல்லாம் ஒரு பேயா? அவளுக்குப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்தான் வேண்டும். ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இராமையாவின் சீடீ கடை இருந்த காலத்தில், தீபாவளிக்குச் சேலை எடுக்கப் போனவள் அங்கேயும் ஏறி, யாரும் வாங்காத அந்த இங்கிலிஷ் தட்டுகளைத் தூசி தட்டி எடுத்து வருவாள். இங்கிலிஷ் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இருக்கவில்லை. மலைமேல் ஒரு பெரிய வீடு. கீழே ஏழைகளின் ஊர். பெரிய வீட்டில் ஒரு கனவான். நல்ல சட்டை, நல்ல பேச்சு, மாடியில் பூட்டிய ஓர் அறை. கீழேயிருந்து போகிறவர்கள் திரும்பி வருவதில்லை. இதை விளங்கிக்கொள்ள நாகலெட்சுமிக்கு மொழி எதற்கு?

அந்தப் படங்களில் அவள் கதாநாயகியைப் பார்ப்பதில்லை. விளக்கைப் பிடித்துக்கொண்டு கதவு திறந்துவிடுகிற வேலைக்காரியைத்தான் பார்ப்பாள். எல்லாப் படத்திலும் அப்படி ஒருத்தி இருக்கிறாள். அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும். அவளிடம் மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். பாதிப் படத்தில் அவள் செத்துப்போவாள், அதற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விட நாதியிருக்காது. நாகலெட்சுமி கத்துவது அந்த இடத்தில்தான்.

மகள் சுலக்ஷனா ஆசிரியர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் சொன்னாள்: "அம்மா, இதெல்லாம் மொதல்ல கதைப் புத்தகமா வந்ததும்மா. இங்கிலாந்துல வெள்ளைக்காரங்க எழுதினது. நூறு, நூத்தம்பது வருசம் இருக்கும்."

"எந்தக் காலம்? நம்மாளுங்கள இந்த மலைக்குக் கப்பல்ல ஏத்துன காலமா?"

"கிட்டத்தட்ட அந்தக் காலந்தான்."

"அப்ப தெரிஞ்சுதாண்டி எழுதியிருக்கானுங்க" என்றாள் நாகலெட்சுமி. மலையுச்சியில் பங்களாவைக் கட்டி, உள்ளே கணப்பு அடுப்பை வைத்து, சுற்றிவரச் சைப்பிரஸ் மரத்தை நட்டு, பனிமூட்டத்துக்குள் குதிரையில் போன வெள்ளைக்காரத் துரைமாரின் தம்பிமார் சீமையிலே உட்கார்ந்து அந்த வீட்டைப் பற்றியே பேய்க்கதை எழுதியிருக்கிறார்கள். பெரிய வீட்டுக்குள் எது இருக்கிறது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கதைகள் அவளைப் பிடித்துக்கொண்ட காரணம் அவ்வளவுதான்.

அவளுக்கும் அது தெரியும். பத்தொன்பது வயதிலிருந்து அவள் அப்படியொரு பங்களாவில் வேலை செய்கிறாள். முதலில் தோட்டத்தை நடத்திய துரையின் குசினியில், சமையல் வேலைக்கு. இப்போது அதே பங்களா உல்லாச விடுதியாகிவிட்டது. பழைய கட்டில், அலுமாரியோடு நாகலெட்சுமியும் புதியவர்களின் கைக்கு மாறினாள். பங்களா வேலைக்கென்று ஒரு பழக்கம் உண்டு. செருப்புப் போடக் கூடாது. நடக்கிற சத்தம் கேட்கக் கூடாது. முக்கியமானது, துரை மணி அடிக்கும்வரை உள்ளே போகக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. கூரை பற்றி எரிந்தாலும் மணி அடித்த பிறகுதான் சொல்ல வேண்டும்.

அவளுடைய அக்கா ராசம்மாவைக் கொன்றது அந்தப் பழக்கம்தான். தொண்ணூற்றேழாம் வருடம், ஐப்பசி மழை. நிறைமாதக்காரி ராசம்மாவுக்கு லயத்தில் மத்தியானமே வலி கண்டு, குழந்தை குறுக்கே கிடந்தது. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். அக்கா புருஷன் மழையில் ஓடிவந்து குசினி வாசலில் நின்று, "தொரைக்கிட்ட சொல்லு புள்ள, கார் வேணும்" என்றான். கார் கொட்டிலில்தான் நின்றது. துரை சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். நாகலெட்சுமி குசினிக் கதவடியில் நின்றுகொண்டு சுவரில் தொங்கிய அழைப்பு மணியைப் பார்த்தாள். அது அடிக்கவில்லை. ஒரு மணி நேரம் நின்றாள். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு வேறு என்ன தெரியும்? கடைசியில் மணி அடித்து, அவள் தேநீர் கொண்டுபோய் வைத்துவிட்டுச் சொன்னபோது, துரை கொழுந்து லொறி வரும், அதில் ஏற்று என்றார். கார் கொடுத்தால் என்ன தேய்ந்தா போய்விடும்? கொடுக்கவில்லை. லொறி வந்தது. முதலில் தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் போய்க் கொழுந்தை நிறுத்து இறக்கியது. கொழுந்து வாடிவிடுமாம். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி ரோட்டில் திரும்பியது. இரண்டாவது வளைவில், ஈரச் சாக்குகளின் மேல், ராசம்மா போய்விட்டாள். குழந்தை வெளியே வரவே இல்லை.

இருபத்தேழு வருடம் இதை அவள் வெளியாள் ஒருவரிடமும் சொன்னதில்லை. போன வருடம் சொன்னாள், அதுதான் அவள் செய்த பிழை. விடுதி மனேஜர் ஜெயதீபன் யாழ்ப்பாணத்துப் பையன், முப்பது முப்பத்திரண்டு வயது, மரியாதையாகப் பேசுவான். ஒருநாள் குசினியில் கொப்பியோடு வந்து உட்கார்ந்து, "அக்கா, இந்தப் பங்களாவில செத்த ஆக்கள் ஆரும் இருக்கினமே? பழைய கதையள் ஏதும் தெரியுமே?" என்று கேட்டான். கையில் கொப்பி இருந்ததால் அவள் ஏமாந்தாள். யாரோ ஒருவன் கடைசியில் எழுதிக்கொள்ள வந்திருக்கிறான் என்று நினைத்து, மணியையும் காரையும் லொறியையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவனும் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டான்.

இந்த வருடம் விடுதியில் மாதம் ஒரு சனிக்கிழமை பழைய பேய்ப்படம் போடத் தொடங்கினார்கள். நாலு மணிக்கு மூட்டம் இறங்கிவிடும், திரையை இழுத்துவிட்டால் கூடம் இருட்டு. வெளிநாட்டுக்காரர்களும் கொழும்பு ஆட்களும் கம்பளிக்குள் சுருண்டுகொண்டு பார்ப்பார்கள். தேநீர்த் தட்டோடு பின்சுவரில் சாய்ந்து நாகலெட்சுமியும் பார்ப்பாள். இங்கே கத்த முடியாது, பல்லைக் கடித்துக்கொள்வாள். மாசி மாதம் மேசைக்கு மேசை ஒரு மினுங்குகிற அட்டை வைத்தார்கள். அதில் சேலை கட்டிய ஒரு பெண்ணின் படமும் இங்கிலிஷ் எழுத்தும் இருந்தன. ஒன்றை மடியில் செருகிக்கொண்டு போய் மகளிடம் கொடுத்தாள்.

சுலக்ஷனா வாசித்தாள். பாதியில் நிறுத்தினாள். "அம்மா, இது வேணாம்மா."

"வாசிடி."

அட்டையில் இருந்தது இதுதான்: ராசம்மா என்ற அழகிய கொழுந்துக்காரி பங்களாத் துரையைக் காதலித்தாள். துரை கப்பலேறிப் போனார். அவள் சைப்பிரஸ் மரத்தில் தூக்குப்போட்டுக்கொண்டாள். இன்றும் மூட்டம் இறங்கினால் அவரைத் தேடி விறாந்தையில் நடக்கிறாள்.

அன்று நாகலெட்சுமி சோறு தின்னவில்லை. மறுநாள் விடியற்காலை, ஆட்கள் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற நேரத்திலேயே பங்களாவுக்கு ஏறி, ஜெயதீபனின் மேசைமேல் அட்டையைப் போட்டாள்.

"எங்க அக்காவக் கொன்னவன அவளுக்கே மாப்புள்ளையாக்கிட்டீங்களே சேர்! அவ புள்ளத்தாச்சி. அவளுக்குப் புருசன் இருந்தான்."

ஜெயதீபன் பதறித்தான் போனான். ஆனாலும் விடவில்லை. "கோவிக்காதேங்கோ அக்கா. பேரை மட்டுந்தானே எடுத்தனான். ராசம்மா எண்டு எத்தினை பேர் இருக்கினம். வாறவை லீவில வாறவை, அவைக்கு ஒரு காதல் வேணும்."

"நடந்ததப் போட வேண்டியதுதானே. அதுக்கு மேல என்ன பயங்கரம் வேணும்?"

"லொறியில பேய் வராதக்கா" என்றான் அவன். சொல்லிவிட்டு, அடுத்த சனிக்கிழமை படம் முடிந்ததும் வெள்ளைச் சேலையோடு விறாந்தையால் ஒருமுறை நடந்துபோக அவளைத்தான் நினைத்திருப்பதாகவும் சொன்னான். "உங்களைப்போல சத்தமில்லாமல் நடக்க இஞ்ச ஆருக்கும் ஏலாது. வசனம் ஒண்டும் இல்லை."

அவன் முகத்தில் அறையக் கை துடித்தது. அறைந்தால் வேலை போகும், அட்டை அங்கேயே இருக்கும், அக்கா காலம் முழுக்க துரையைத் தேடி நடந்துகொண்டிருப்பாள். நாகலெட்சுமி சேலையை வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். படத்தில் பெரிய வீடு எரிந்தது, ஊர்க்காரர்கள் பந்தத்தோடு நின்றார்கள், எல்லாம் நல்லபடி முடிந்தது. வெள்ளைச் சேலையில், விளக்கோடு விறாந்தையில் நடக்க வேண்டிய நாகலெட்சுமி விறாந்தையை விட்டுக் கூடத்துக்குள் வந்தாள். திரைக்கு முன்னால் நின்று சுவரிலிருந்த சுவிட்சைப் போட்டாள். வெளிச்சத்தில் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தார்கள்.

"நான் ராசம்மா தங்கச்சி" என்றாள். பிறகு சொன்னாள். வலி கண்டதைச் சொன்னாள், மணி அடிக்கக் காத்து நின்றதைச் சொன்னாள், கார் கொட்டிலில் நின்றதை, லொறி ஸ்டோருக்குப் போனதைச் சொன்னாள். முடித்ததும் ஜெயதீபனைப் பார்த்து, "தம்பி, நான் சொன்னத அப்படியே இவங்களுக்குச் சொல்லுங்க" என்றாள். அதுவரை அவனை அவள் தம்பி என்று கூப்பிட்டதில்லை.

அவன் எழுந்து மெல்லிய குரலில் இங்கிலிஷில் பேசினான். நாகலெட்சுமி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு அந்த மொழியில் பத்துப் பன்னிரண்டு சொல்தான் தெரியும், ஆனால் லொறி என்ற சொல் எல்லோருக்கும் ஒன்றுதான். அது வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. லவ் என்று ஒருதடவை வந்தது. இன்னொருதடவையும் வந்தது. அவன் முடித்தான். கூடம் முழுக்கக் கைதட்டியது. முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினாள்.

நாகலெட்சுமிக்குத் தலைக்கேறியது. "நோ!" என்று கத்தினாள். லயத்தில் கத்துகிற அதே கத்தல். கைகள் நின்றன.

"நோ லவ். லொறி. டீ லொறி." வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "சிஸ்டர். பேபி. தொர கார் ஹியர்" என்று கொட்டில் இருந்த பக்கம் கையை நீட்டினாள். "நோ கார். லொறி."

"அக்கா, காணும், நிப்பாட்டுங்கோ, வாங்கோ" என்று ஜெயதீபன் கையைப் பிடிக்க வந்தான். அவள் உதறிவிட்டாள்.

கிழவி அவனை ஏதோ கேட்டாள். அவன் அவளுடைய காலிக் கோப்பையை எடுக்கக் குனிந்தான். கிழவி அவனை விட்டுவிட்டு நாகலெட்சுமியைப் பார்த்து, மிக மெதுவாக, "பேபி?" என்று கேட்டாள்.

நாகலெட்சுமி இரண்டு விரலைக் காட்டினாள். ஒன்றை மடக்கினாள், மற்றதையும் மடக்கினாள்.

ஒன்றரை மணி நேரப் படத்துக்கு வராத பயம் அப்போதுதான் அந்த முகங்களில் வந்தது. அதை அவள் நகராமல் நின்று பார்த்தாள்.